வளைந்து கொடுத்த படகு

துணியும் மரச்சட்டமும் சேர்ந்த படகு, கழற்றி மடக்கிப் பைகளில் கட்டினால் ரயில் பெட்டியில் ஏற்றிவிடலாம். அப்படிப்பட்ட கயாக்கில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்தவர்கள் உண்டு. அவர்கள் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனவுறுதியைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். மனவுறுதி மெய்தான், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பலத்த காற்றில் அந்தப் படகுக்கு என்ன நேர்ந்தது என்று கவனித்துப் பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரிகிறது. உடையாமல் இருப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. முதல் குணம் மடக்குக் கயாக்கின் உடலிலேயே இருந்தது. இரண்டாவதை, பாயைப் பிடித்திருந்தவர்தான் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தரவேண்டியிருந்தது. இந்தப் படகின் வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

கடலுக்காக இதை யாரும் உருவாக்கவில்லை. 1905இல் மியூனிக் நகரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் ஹோய்ரிஷ், மூங்கில் சட்டத்தின் மேல் பாய்த்துணியைப் போர்த்து ஒரு படகு செய்து, ஈசார் ஆற்றில் செலுத்திப் பார்த்தார். ரோசன்ஹைம் ஊரின் தையல்காரர் யோஹான் கிளெப்பர் 1907இல் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தையல் தெரிந்தவர் கைக்கு இந்தப் படகு வந்தது பொருத்தம். ஏனென்றால் அதன் உயிரே தோலாகப் போர்த்தும் துணியில் இருந்தது. விடுமுறை நாளில் ரயிலேறி மலையடிவாரம் போய், ஆற்றோடு மிதந்து திரும்பும் நகரவாசிகளே வாடிக்கையாளர்கள். மடக்க வேண்டும் என்பதற்காகச் சட்டத்தைத் துண்டுகளாக்கினார்கள். துண்டுகள் கூடும் இடங்களில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. அந்த இளக்கமே அலையில் படகைக் காத்தது: அலை தூக்கும்போது உடல் சற்று வளைந்து, அடியின் வேகத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆர்க்டிக் வேட்டையாடிகள் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கயாக்குகளில் இதே அறிவு பல நூற்றாண்டுகளாக இருந்தது. அவர்கள் கடலுக்காகத் தெரிந்தே செய்ததை, ஜெர்மானியர்கள் ரயிலுக்காகச் செய்யப்போய்ப் பெற்றார்கள்.

பாய் ஏற்றியதும் கணக்கு மாறுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. சீராக வீசும் காற்றுக்குப் பழகிவிடலாம். விட்டுவிட்டு மோதும் காற்றில் அந்த நான்கு மடங்கு ஒரு மூச்சு நேரத்தில் வந்து விழுகிறது. பெரிய பாய்மரப் படகுக்கு அடியில் ஆழமான, கனமான அடிக்கட்டை இருக்கிறது. சாய்ந்தால் அது இழுத்து நிமிர்த்தும். இருவர் அமரும் மடக்குக் கயாக்கின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதை நிமிர்த்தும் கனம் என்றால் உட்கார்ந்திருப்பவரின் உடல் மட்டுமே. இருபுறமும் தொங்கவிடும் பக்கப்பலகைகள் படகு காற்றோடு ஒதுங்கிப் போவதைத் தடுக்குமே தவிர, சாய்வதைத் தடுக்காது. காற்று தணியும்வரை பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது இறக்கிவிட வேண்டும். சட்டம் எவ்வளவு நன்றாக வளைந்து கொடுத்தாலும் இந்த வேலையை அது செய்யாது.

இந்தப் படகில் கடலைக் கடந்து போனவர்களின் பயணங்கள் இதற்குச் சாட்சி. 1928இல் ஃப்ரான்ஸ் ரோமர், சுமார் 6.5 மீட்டர் நீளமுள்ள கிளெப்பர் கயாக்கில் கானரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 58 நாளில் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவை அடைந்தார். ஆஸ்கர் ஸ்பெக் 1932 மே மாதம் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர், பாரசீக வளைகுடா வழியாக இந்தியாவின் மேற்குக் கரையோரம் வந்து, 1935இல் இலங்கையைச் சுற்றி, சென்னைக் கரையைக் கடந்து வங்கம் நோக்கிப் போனார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்ததால், ஜெர்மானியரான அவர் சிறைக்காவலில் வைக்கப்பட்டார். ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர், ஏழு ஆண்டுகளுக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு இருபது கிலோமீட்டர்கூட வராது. நோய், பணமின்மை, புதுப் படகுக்கான காத்திருப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் அந்தச் சராசரி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: அவர் கடலில் இருந்த நாள்களைப் போலவே கரையில் இருந்த நாள்களும் பயணத்தின் பகுதிதான்.

படகின் இளக்கமும் கையின் திறமையும் சேர்ந்தே காத்தன என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ரோமரின் முடிவு. செயின்ட் தாமஸுக்குப் பின் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்ட அவர், அந்த ஆண்டின் சூறாவளிக் காலத்தில் காணாமல் போனார். வளையும் படகும் தேர்ந்த கையும் அவரைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். சூறாவளியில் அந்த அளவுள்ள எந்தப் படகுக்கும் வழியில்லை. அங்கே தவறிப்போனது பருவத்தைப் பற்றிய கணிப்பு. கடலோடியின் திறமையில் அதுவும் சேர்த்தி. இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது: இவர்கள் பெரும்பாலும் காற்றைப் பின்னால் வாங்கி ஓடியவர்கள், குறுக்கே மோதும் காற்றோடு போராடியவர்கள் அல்லர். உண்மை. அது என் வாதத்தை அசைக்கவில்லை. எந்தத் திசையில் போனால் படகு தாங்கும் என்று தெரிந்து போவதும் வளைந்து கொடுப்பதுதான்.

மருத்துவர் ஹானஸ் லிண்டமானின் பயணம் இரண்டு குணங்களையும் ஒரே படகில் காட்டுகிறது. 1956 அக்டோபர் 20 அன்று லாஸ் பால்மாஸிலிருந்து கிளெப்பர் ஏரியஸ் கயாக்கில் புறப்பட்டு, 72 நாளில் செயின்ட் மார்ட்டின் தீவை அடைந்தார். அந்த வகைப் படகின் இருபுற விளிம்பிலும் காற்றடைத்த குழாய்கள் உண்டு. உள்ளே நீர் நிறைந்தாலும் மூழ்காது. அது போதாதென்று, பாதி டயர் டியூபைத் துடுப்பில் கட்டிப் பக்க மிதவையாக நீட்டியிருந்தார். பாக் நீரிணையின் பாய்மரத் தோணிகளில் குறுக்கே பலகை நீட்டி, காற்று வரும் பக்கமாக ஆள்கள் போய் அமர்வார்களே, அதன் நோக்கமும் இதுதான்: படகுக்கு இல்லாத அகலத்தைக் கடன் வாங்குவது. அப்படியும் படகு இருமுறை கவிழ்ந்தது. ஓர் இரவு முழுக்கக் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்து, விடிந்த பிறகே அதை நிமிர்த்தினார். சட்டம் உடையவில்லை, துணி கிழிந்து போகவில்லை. சமநிலை மட்டும் தவறியது. படகு அதற்குப் பிறகும் அவரைக் கரை சேர்த்தது.

ஆகவே இந்த வரலாற்றை வீரக்கதையாக மட்டும் படிப்பது ஆபத்து. கடலைத் தாண்டிய படகு என்ற பெயரை நம்பி, ஏரியில் பாயை முழுக்க விரித்துச் செல்பவருக்கு அந்தப் பெயர் உதவாது. தையல்காரர் கொடுத்த இளக்கத்தை அலைக்கு விட்டுவிடலாம். காற்றுக்குத் தரவேண்டிய இளக்கமோ பாயின் கயிற்றில் இருக்கிறது. அதைக் கட்டையில் முடிச்சிட்டுவிடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.