கடலிலிருந்து வந்த பீரோ

கண்ணாடி பதித்த பழைய மர பீரோ ஒன்று. அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் கடலுக்குள்ளிருந்து கரைக்கு நடந்து வருகிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், தண்ணீருக்குள் பீரோ எப்படிப் போனது, எதற்கும் பதில் கிடையாது. 'இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்' என்ற போலந்துக் குறும்படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வருடம் 1958. கறுப்பு வெள்ளை, 15 நிமிடம், வசனமே இல்லை. எடுத்தவர் ரோமன் போலன்ஸ்கி. அப்போது அவர் திரைப்படப் பள்ளி மாணவர்.

பள்ளி இருந்த ஊரை நாம் 'லோட்ஸ்' என்று படித்துவிடுவோம். போலந்துக்காரர்கள் 'வூச்' என்கிறார்கள். போரில் வார்சா தரைமட்டமானதால் சினிமாத் தொழில் அந்த ஆலை நகரத்துக்கு இடம் மாறியது. 1948இல் பள்ளியும் அங்கேயே வந்தது. வெளியே ஜனங்களுக்குக் கிடைக்காத அயல்நாட்டுப் படங்களை மாணவர்கள் அங்கே பார்க்க முடிந்தது. அந்தப் பழக்கம் இந்த ஆரம்பக் காட்சியில் நன்றாகவே தெரியும்.

கடலிலிருந்து பீரோ வருவதை நாம் ஏன் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம்? முதலில் ஆளில்லாத கடலைக் காட்டுகிறார். எஸ்டாப்ளிஷிங் ஷாட் என்பார்களே, கதை நடக்கும் இடத்தை ரசிகனுக்குச் சொல்லும் வழக்கமான அகலக் காட்சி, அதுதான். ஏதோ அமைதியான கதை போலிருக்கிறது என்று சாய்ந்து உட்காருகிறோம். அடுத்து வருவது ஜோடி. லாரல்-ஹார்டி பார்த்து வளர்ந்த நமக்கு, இரண்டு பேர் ஒரு கனமான சாமானைத் தூக்கி வந்தாலே உதட்டில் சிரிப்பு வந்துவிடும். கரையில் பீரோவை இறக்கிவிட்டு இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரிக் குதித்து விளையாடுகிறார்கள். பேச்சுக்குப் பதில் உடம்பும் இசையும். பேசாப்பட காலத்து மரபு முழுவதும் அங்கே இருக்கிறது. அதனால் 'ஏன்' என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. இது நகைச்சுவைப் படம் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

கெட்டிக்காரத்தனமான பொறி அது. ஃபிலிம் சொசைட்டியில் நாங்கள் பார்த்தபோது ஆரம்பத்தில் அரங்கில் நல்ல சிரிப்பு. ஊருக்குள் நுழைந்த பிறகு அது அடங்கிவிட்டது. டிராமில் ஏற விடமாட்டார்கள். உணவகத்தில் இடமில்லை. ஹோட்டலிலும் அப்படியே. பீரோவைப் போட்டுவிட்டு வந்தால் எல்லாக் கதவும் திறக்கும். இவர்களோ அதை விடுவதாக இல்லை. ஒரு இடத்தில் ரௌடிக் கும்பல் ஒரு பெண்ணை நெருங்குகிறது. பீரோக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து அவள் தப்பித்துக்கொள்ள, அடி இந்த இருவருக்கு விழுகிறது. அடிக்கும் ரௌடிகளில் ஒருவராக நடித்திருப்பது போலன்ஸ்கியே.

இதை 1958இல் எடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில வருடம் முன்புவரை அந்த நாட்டுப் படங்களில் உழைப்பாளி நாயகனும் தெளிவான அரசியல் பாடமும் இருந்தாக வேண்டும். 1956 அக்டோபர் மாற்றங்களுக்குப் பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஜாஸ் இசையும் மறைவிலிருந்து வெளியே வந்தது. அந்த வருடம் சோபோட் என்ற கடற்கரை ஊரில் ஜாஸ் விழாவே நடந்தது. அந்த விழாவில் வாசித்த க்ஷிஷ்டோஃப் கொமேடாதான் இந்தப் படத்துக்கும் இசை. மனிதர் படித்துத் தொழில் செய்தது காது மூக்கு தொண்டை வைத்தியம்! மேடைக்காகவே கொமேடா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்.

போலன்ஸ்கி கிராகோவ் நகரத்து யூதச் சேரியில் வளர்ந்தவர். தாயை ஆஷ்விட்ஸில் இழந்தார். சிறுவயதில் பிறர் வீடுகளில் ஒளிந்து பிழைத்தார். ஊர் ஒருவனை உள்ளே விடாமல் கதவைச் சாத்துவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது என்பது என் எண்ணம். அதே ஆள் 1977இல் அமெரிக்காவில் ஒரு சிறுமியிடம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை சொல்வதற்குள் நாட்டைவிட்டு ஓடினார். அதையும் சொல்லாமல் அவர் படத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

படத்துக்கு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த விழாவில் பரிசு கிடைத்தது. கடைசிக் காட்சியில் மறுபடியும் அதே கடற்கரை. ஒரு சிறுவன் வரிசை வரிசையாகச் செய்துவைத்த மணல் மேடுகளைத் தாண்டி, இருவரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய் மறைகிறார்கள்.