லாரி ஓட்டுநரும் அமெரிக்கப் போதைப் பரிசோதனைச் சட்டமும்

அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களுக்குப் போதைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய சட்டத்தின் பின்னணியில் இருப்பவை ரயில் விபத்துகள். 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் ஆம்ட்ராக் பயணிகள் ரயில், சிக்னலை மீறி வந்து நின்ற சரக்கு என்ஜின்கள் மீது மோதி 16 பேர் உயிரிழந்தனர். சரக்கு என்ஜினை இயக்கியவர்கள் கஞ்சா புகைத்திருந்தனர். 1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் தடம்புரண்டு 5 பேர் மாண்டனர். ஓட்டுநர் மது அருந்தியிருந்தார். அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ரயில், விமானம், பேருந்து, லாரி ஆகிய அனைத்துக்கும் பொருந்தியது.

26,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11,800 கிலோ அல்லது அதற்கு மேல் எடை வகுக்கப்பட்ட வாகனத்தை ஓட்டுவோர் இதன் வரம்புக்குள் வருவர். வேலையில் சேரும் முன் சிறுநீர்ப் பரிசோதனையில் தேற வேண்டும். பின்னர் குலுக்கல் முறை. ஓராண்டில் நிறுவனத்தின் ஓட்டுநர் எண்ணிக்கையில் 50 விழுக்காடு அளவுக்குப் போதைப் பரிசோதனையும் 10 விழுக்காடு அளவுக்கு மதுப் பரிசோதனையும் நடைபெற வேண்டும். 2020-க்கு முன் போதைக்கான விகிதம் 25 ஆக இருந்தது.

பரிசோதனையைவிட அதைச் சுற்றியுள்ள ஆவணங்களே சிறு நிறுவனங்களை இடறச் செய்கின்றன என்பது என் கணிப்பு. உயிரிழப்பு நேர்ந்த விபத்துக்குப் பின் 8 மணி நேரத்துக்குள் மதுப் பரிசோதனையும் 32 மணி நேரத்துக்குள் போதைப் பரிசோதனையும் முடிய வேண்டும். மதுப் பரிசோதனை 2 மணி நேரத்துக்குள் நடக்காவிட்டால், ஏன் நடக்கவில்லை என்று முதலாளி எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில், ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து கிடக்கும்போது இந்தத் தாளை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆனால் தணிக்கைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பவற்றுள் இத்தகைய தாள்களும் உண்டு. போதை உறுதியான முடிவுகளை 5 ஆண்டும், குலுக்கல் தேர்வுக்கான ஆவணங்களை 2 ஆண்டும், போதை இல்லையென்ற முடிவுகளை ஓராண்டும் பாதுகாக்க வேண்டும்.

ஒரே லாரியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவரின் நிலை விசித்திரமானது. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. ஒரே பெயரை வைத்துக் குலுக்க முடியாதாகையால், பல ஓட்டுநர்களை ஒன்றிணைக்கும் பரிசோதனைக் கூட்டமைப்பு ஒன்றில் அவர் சேர்ந்தாக வேண்டும். 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற மத்திய அரசின் தரவகத்தில், ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு ஓட்டுநரைப் பற்றியும் விசாரித்தறிவது முதலாளியின் கடமை. ஆகவே அவர் தம்மைப் பற்றியே கட்டணம் செலுத்தி விசாரிக்க வேண்டியவராகிறார்! கட்டணம் ஒன்றேகால் டாலர்தான். தவறவிட்டால் வரும் அபராதம் அப்படியன்று.

தரவகம் வருமுன், ஒரு நிறுவனத்தில் சிக்கிய ஓட்டுநர் அதை மறைத்து அடுத்த மாநிலத்தில் வேலை தேடிக்கொள்வது எளிதாக இருந்தது. அந்த ஓட்டையை அடைத்தது நியாயமே. எனக்கு உறுத்துவது வேறொன்று. தரவகத்தில் பதிவாகும் போதை முடிவுகளில் பெரும்பங்கு கஞ்சாவுக்குரியது. கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் விடுமுறை நாளில் கஞ்சா புகைப்பது குற்றமன்று. மத்திய விதியோ அந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. மதுவுக்கு மூச்சுச் சோதனை அந்த நேரத்து நிலையைக் காட்டுகிறது. சிறுநீரில் தெரியும் கஞ்சாவின் எச்சமோ, பல நாள்களுக்கு முன் புகைத்ததையும் காட்டக்கூடியது. வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தாரா என்பதற்கு அது விடை தராது. இருப்பினும், நாற்பது டன் வண்டியை ஓட்டுபவர் விஷயத்தில் தளர்வு கேட்க எனக்கு மனம் வரவில்லை. நம்பகமான மாற்றுச் சோதனை வரும்வரை கடுமையே பாதுகாப்பு.

திரும்பி வரும் வழியைத்தான் சீராக்க வேண்டும். 2024 நவம்பர் 18 முதல், தடைக்குள்ளான ஓட்டுநரின் வணிக ஓட்டுநர் உரிமத்தை மாநிலங்கள் தரமிறக்கியாக வேண்டும். மீள்வதற்கு, தகுதிபெற்ற போதைச் சிகிச்சை வல்லுநரின் மதிப்பீடு, அவர் விதிக்கும் சிகிச்சை, மறுபரிசோதனை, முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 தொடர் பரிசோதனைகள் எனப் படிகள் உள்ளன. இந்த மறுபரிசோதனைகளில் சிறுநீர் கழிப்பதைக் கண்காணிப்பாளர் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். செலவை முதலாளி ஏற்க வேண்டுமென்று விதி சொல்லவில்லை; மீண்டும் வேலை தர வேண்டுமென்றும் சொல்லவில்லை. தடைக்குள்ளானோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த நடைமுறையைத் தொடங்கவே இல்லை.