வேந்தர் வனமும் வேட்டை நாயும்

இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம், 1079-ஆம் ஆண்டையொட்டி ஹாம்ப்ஷயரில் நியூ பாரஸ்ட் என்னும் பெருவனத்தைத் தன் வேட்டை விநோதத்துக்கென ஒதுக்கிக்கொண்டான். பின்வந்த அரசர் காலத்தில் இத்தகைய வனங்கள் பெருகியபோது, அவற்றுள் வாழ்ந்த குடியானவன் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஓரளவு பாத்தியதை பெற்றிருந்தானேனும், மானைத் துரத்தவல்ல காவல் நாயைப் பூரண அங்கங்களோடு வைத்திருக்கும் சுதந்திரத்தை இழந்தான். நாயின் முன்னங்காலை மரக்கட்டையின்மேல் வைத்து, உள்ளங்காற் சதை நீங்கலாக, மூன்று விரல்களை உளியால் துண்டித்துவிடுவார்கள். ஓட இயலாத நாய்க்கு வேட்டை பழக்குவது எங்ஙனம்? இதைவிடக் குரூரமானதும், சிக்கனமானதுமான தடையை எந்தச் சட்டமும் கண்டதில்லை எனலாம்.

1217-இல், பத்தே வயதான மூன்றாம் ஹென்றியின் பெயரால் பிரகடனமான வன சாசனம் இக்கொடுமையை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்திற்று. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையே பரிசோதனை. விரல் வெட்டப்படாத நாய்க்கு மூன்று ஷில்லிங் அபராதம். அதற்கீடாக எருதைப் பிடித்துச் செல்லலாகாது. கூலிக்காரனுக்கு அது சிறு தொகையன்று.

1390-இல் இரண்டாம் ரிச்சர்டு இயற்றிய சட்டமோ வனத்தின் எல்லையையும் கடந்து, ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானமுள்ள நிலமில்லாத எவனும் வேட்டை நாய் வளர்க்கலாகாதென விதித்தது. மாதா கோவிலுக்குச் செல்லவேண்டிய புண்ணிய தினங்களில் தொழிலாளர் வேட்டையென்ற வியாஜத்தில் கூடிச் சதி செய்கின்றனர் என்பதே அதற்குக் கூறிய காரணம். 1381-இன் குடியானவர் கிளர்ச்சியை நினைவுகூர்வோர்க்கு, அதிகார வர்க்கம் அஞ்சியது நாய்க்கன்று என்பது புலனாகும்.

வன சாசனத்தில் எஞ்சியிருந்த விதிகள் 1971-இல்தான் ரத்தாயின.