களிமண்ணில் மனிதரைக் கண்ட கலைஞர்



களிமண் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பொங்கல் பானையும் அகல்விளக்குமே. அதே களிமண்ணில் மனித உருவங்களைப் படைத்துப் புகழ்பெற்ற சிங்கப்பூர்க் கலைஞர் ஒருவரைப் பற்றி இன்று அறிந்து கொள்வோம். அவர் பெயர் இங் எங் தெங்.

1934ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த அவர், நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றார். அங்கு அவருக்கு ஆசிரியையாக வாய்த்தவர் புகழ்பெற்ற ஓவியர் ஜார்ஜெட் சென். மாணவரின் மனம் சிற்பத்தை நாடுவதை உணர்ந்து, அத்துறையில் ஈடுபடுமாறு அவரே ஊக்கமளித்தார். மாணவனின் இயல்பறிந்து வழிகாட்டுவதன்றோ ஆசிரியர் கடமை!

கலை ஆர்வம் மட்டும் போதுமா? தொழில் நுணுக்கமும் வேண்டுமல்லவா? 1960களின் தொடக்கத்தில் இங் இங்கிலாந்து சென்றார். மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பயின்றார். பின்னர் அயர்லாந்தில் ஒரு மட்பாண்டத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகப் பணியாற்றி, 1966இல் தாயகம் திரும்பினார்.

மண்சிற்பம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மண்ணைக் காற்றுக் குமிழி இல்லாமல் நன்றாகப் பிசைய வேண்டும். உருவத்தின் உட்புறத்தைக் கூடாக விட வேண்டும். உலர உலர மண் சுருங்கும்; அவசரப்பட்டால் விரிசல் காணும். ஈரம் மிஞ்சிய நிலையில் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உருவத்தையே வெடிக்கச் செய்துவிடும். வன்மையான மட்கலங்களைச் சுட 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. பல நாள் உழைப்பின் பலன், சூளையைத் திறக்கும்போதுதான் தெரியும்.

சூளைக்குள் அடங்காத பேருருவங்களை என்ன செய்வது? அவற்றுக்கு அவர் ஒருவகைச் சிமெண்டைப் பயன்படுத்தினார். 1974இல் ஒரு கடைத்தொகுதிக்காக அவர் படைத்த 'செல்வம்', 'மனநிறைவு' என்னும் இரு பெருஞ்சிலைகள் குறிப்பிடத்தக்கவை.

இவருடைய கற்பனைக்கு ஊற்றாக இருந்தவர்கள் மன்னர்களோ மாவீரர்களோ அல்லர், சாதாரண மனிதர்களே. தாயும் சேயும், குடும்பப் பாசம், மகிழ்ச்சி, துயரம் ஆகியவையே அவர் கைகளில் உருப்பெற்றன. பிற்காலத்தில், மனித உடலே ஒரு முகம்போலத் தோன்றும் புதுமையான சிற்பங்களையும் படைத்தார்.

1981இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1990களின் இறுதியில் அவர் ஓர் அரிய செயல் செய்தார். விற்றால் பெரும்பொருள் தரக்கூடிய தம் படைப்புகளைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு நன்கொடையாக வழங்கினார். இன்று அங்குள்ள அவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. 2001இல் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வீட்டு வாசலில் மண்ணைப் பிசைந்து பொம்மை செய்தால், அழுக்கென்று அதட்டாதீர்கள். என்ன செய்திருக்கிறான் என்று ஒரு கணம் நின்று பாருங்கள். அந்தப் பிஞ்சு விரல்களிலும் ஒரு கலைஞன் ஒளிந்திருக்கலாம்.