மணியும் மாசும்: அணிகலத் தூய்மை பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேற்கே போடிமெட்டை அடையும் மலைச்சாலை, தமிழிலக்கியம் பயில்வார்க்கு இரு கண்ணகியரை நினைவூட்ட வல்லது. ஊரின் வடபால் பழனிமலைத் தொடரும், மேற்பால் ஏலமலைத் தொடரும் அரண்போல் நிற்கின்றன. பழனிமலைப் பகுதி வையாவிக் கோப்பெரும் பேகனது நாடு. அவனால் துறக்கப்பெற்ற மனைவியின் பெயர் கண்ணகி. தெற்கே கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கோயில் உள்ளது. மதுரையை விட்டு நீங்கி, வையைக் கரைவழியே மேற்றிசை நடந்து மலையேறிய கோவலன் மனைவி கண்ணகியோடு அக்கோயில் தொடர்புபடுத்தப் பெறுகிறது. அங்குச் சித்திரை முழுமதி நாளில் மக்கள் திரண்டு சென்று வழிபடுகின்றனர்.

இவ்விருவர் வரலாற்றிலும் மணி இடம்பெறுகின்றது. ஒருத்தியின் கூந்தலுக்குக் கழுவிய மணி உவமையாயிற்று. மற்றொருத்தியின் சிலம்பினுள் இருந்த மணி வழக்கினை முடித்து வைத்தது. மணியின் தோற்றம், விலை, குற்றம் ஆகியவை பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அணிந்த மணியில் படியும் மாசினை நீக்கும் முறை, வீட்டுப் பெண்டிரின் கைவேலை என்று ஒதுக்கப்பட்டு, ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கருதப்படாதுபோயிற்று. அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று அது என்பதை இலக்கியம், கல்வெட்டு, இக்கால அறிவியல் ஆகிய மூன்றன் துணைகொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணுதல் என்னும் சொல்

மண்ணுதல் என்பது நீராட்டுதல், கழுவுதல், தூய்மை செய்தல் எனப் பொருள்படும் பழஞ்சொல். தொல்காப்பியப் புறத்திணையியல் மண்ணுமங்கலத்தைக் கூறுகின்றது. புறப்பொருள் வெண்பாமாலை வாளினை நீராட்டும் வாண்மண்ணுநிலையைத் துறையாக வகுக்கின்றது. இச்சொல்லை மணிக்கு ஏற்றி வழங்கும் இடங்களில், சாணை பிடித்து ஒளியூட்டுதல் என்று கொள்வதா, நீரால் கழுவுதல் என்று கொள்வதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

பெருங்குன்றூர் கிழார் பேகனைப் பாடிய புறநானூற்று 147ஆம் பாட்டு இவ்வையத்தைத் தீர்க்கத் துணைசெய்கின்றது. புலவர் பொன்னும் பொருளும் வேண்டினாரல்லர். அரசன் தன் மனைவிபால் மீள வேண்டும் என்பதே அவர் கேட்ட பரிசில். எண்ணெய் காணாது கிடக்கும் அவளது கருங்கூந்தல், கழுவப்பெற்ற மணிபோல் மாசு நீங்கி, புதுமலர் சூடவேண்டும் என்கிறார். இங்கு உவமையாகிய மணி கருநீல மணி என்பது கூந்தலின் நிறத்தால் பெறப்படும்.

இவ்வுவமையின் பொருத்தத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். கண்ணகியின் கூந்தல் இயல்பிலேயே அழகுடையது. புதிதாக அழகு செய்யப்பட வேண்டிய ஒன்றன்று. போற்றுவாரின்மையால் அதன்மேல் மாசு படிந்தது. அம்மாசினை அகற்றினால் பழைய ஒளி தானே மீளும். சாணைக்கல்லில் தேய்த்தல் கல்லின் புறத்தையே குறைத்து வேறு உருவாக்கும் தொழில். அப்பொருள் இவ்விடத்துப் பொருந்தாது. உள்ளதைக் குறைக்காது, வந்து சேர்ந்ததை மட்டும் களைதலே ஈண்டு மண்ணுதல் எனப்பட்டது. அணிகலத் தூய்மையின் முதல் விதியும் இதுவேயாகும்.

குற்றமும் மாசும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவை விரித்துரைக்கின்றது. வயிரத்தின்கண் இருத்தலாகாத குற்றங்களாகக் காகபாதம், விந்து, ஏகை, களங்கம் என்பவற்றை இளங்கோவடிகள் எண்ணுகின்றார். மரகதம், மாணிக்கம், நீலம், புருடராகம், வைடூரியம், கோமேதகம், முத்து, பவளம் ஆகியவற்றின் இயல்புகளும் அங்கே பேசப்படுகின்றன. பிற்காலத்துத் திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலமும் இம்மரபினைத் தொடர்கின்றது.

இந்நூல்கள் கூறும் குற்றங்கள் பெரும்பாலன கல்லோடு பிறந்தவை. உள்ளே ஓடும் கீற்றும், புள்ளியும், நிறக்கறையும் நீரால் நீங்கா. மாசு என்பதோ அணிவாரின் வியர்வை, எண்ணெய், மஞ்சள், சந்தனம், புழுதி ஆகியவற்றால் பின்னர் வந்து சேர்வது. குற்றம், மாசு என்னும் இரு சொற்களும் எல்லாவிடத்தும் இங்ஙனம் வரையறுத்து வழங்கின என்று கூறுவதற்கில்லை. எனினும் பொருள் வேறுபாடு தெளிவானது. இவ்வேறுபாட்டை அறியாதார், பிறவிக் குற்றத்தை மாசு என மயங்கி, மேலும் மேலும் தேய்த்து, நல்ல அணியினைக் கெடுத்துவிடுகின்றனர்.

முத்தைப் பற்றிய செய்தி தனியே கருதத்தக்கது. காற்று, மண், கல், நீர் என்னும் நான்கானும் நேரும் குற்றங்கள் முத்துக்குக் கூறப்பட்டுள்ளன. அவை அதன் பிறப்பைச் சார்ந்தவையே எனினும், ஏனை மணிகளினும் முத்து மெல்லியது என்னும் உணர்வு முன்னோர்க்கு இருந்தமையை அவை புலப்படுத்தும். இக்கால அறிவியலும் அதனை வலியுறுத்துகின்றது. கடினத்தை 1 முதல் 10 வரை அளவிடும் மோ அளவுகோலில் வயிரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் 7.5 முதல் 8 வரை; பவளம் 3 முதல் 4 வரை; முத்து ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரை. வீட்டுப் புழுதியிற் கலந்துள்ள மணல்துகளின் கடினம் 7. ஆகவே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது, வயிரத்தைத் தீண்டாத அத்துகள் முத்தைக் கீறிவிடும். பற்பொடி, சாம்பல் முதலியவற்றால் தேய்ப்பதன் தீங்கும் இதுவே.

கல்வெட்டுத் தரும் சான்று

மணிகளைத் தொழிற்படுத்திய இடங்களுள் கொடுமணல் தலையாயது. பதிற்றுப்பத்துப் போற்றும் கொடுமணம் அதுவே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகள் அங்கு மணிவினைக் கூடங்கள் இருந்தமையை வெளிப்படுத்தின. ஆயினும் மணி எவ்வாறு பொன்னிற் பதிக்கப்பட்டது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே தெளிவான சான்று தருகின்றன. முதலாம் இராசராசன் காலத்திலும் அதனையடுத்தும், அதாவது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோயிலுக்கு அளிக்கப்பெற்ற அணிகலன்களின் மணிக்கணக்கும் எடையும் அவற்றில் நுட்பமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெடையில் அரக்கும் உட்படும் என்னும் குறிப்புக் காணப்படுகின்றது.

இக்குறிப்புச் சிறிதாயினும் பொருள் பெரிது. பொன்னால் அமைந்த குழியில் அரக்கை இட்டு, அதன்மேல் கல்லை அமர்த்தி, விளிம்பை இறுக்குதல் பழைய முறை. கல்லின் ஒளியை மிகுவிக்க அடியில் மெல்லிய தகடு வைத்தலும் உண்டு. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளிலும், பழங்குடும்பங்களில் வழிவழி வரும் அட்டிகை, கல்தோடு, பேசரி முதலியவற்றிலும், அடிப்புறம் மூடிய இவ்வமைப்பு காணப்படும். தென்னாப்பிரிக்காவின் சாகர்சுபாண்டெயின் சுரங்கப் பெயரால் தமிழகத்தில் புளூ சாகர் என்று வழங்கிய வயிரங்களும் இங்ஙனம் மூடிய பதிப்பாகவே பெரிதும் அணியப்பட்டன.

அரக்கு 70 பாகை செல்சியசு வெப்பத்தை அணுகும்போதே நெகிழத் தொடங்கும். சலவைச் சோடா போன்ற காரப்பொருள் கலந்த நீரில் அது கரையும். இத்தகைய நகையைக் கொதிநீரில் இட்டால் நேர்வது யாது? அரக்கு இளகும், கல் அசையும், இடைவெளி வழியே நீர் புகும், அடித்தகடு கறுக்கும். அதன்பின் கல் ஒளியிழந்து தோன்றுவது கல்லின் மாசன்று. அதன் பின்னணி அழிந்தமையால் வந்த கேடு. அதனை மீண்டும் கழுவுவோர் கேட்டினை மிகுதிப்படுத்துவோராவர்.

பூவந்தியும் புளியும்

தமிழ்நாட்டுப் பொற்கொல்லரும் இல்லத்தாரும் நெடுங்காலமாகக் கையாண்ட பொருள் பூவந்திக் கொட்டை. பூந்திக் கொட்டை என்றும் வழங்குவர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வறண்ட காடுகளில் வளரும் மரத்தின் காய் அது. நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பது. அதன் தோலிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து, எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுக்கும்.

வயிரத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஏனெனில் வயிரம் நீரை ஏலாது, எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். கிம்பர்லிச் சுரங்கங்களில் வயிரத்தைப் பிற கற்களினின்றும் பிரிக்கக் கொழுப்புப் பூசிய மேடைகளைப் பயன்படுத்தியது இவ்வியல்பு பற்றியே. எண்ணெய் முழுக்கின்போது தோட்டைக் கழற்றாதார் காதில் வயிரம் மங்குவதற்கும் காரணம் இதுவே.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு நல்லன, மணிக்கு ஆகா. முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆயவை. புளிப்பு அவற்றை அரிக்கும். பூவந்தி நீரும் சிறிது புளிப்புத் தன்மையுடையது. ஆதலின் முத்தை அதில் ஊறவைத்தல் தகாது. மரகதத்தின் நுண்வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஊட்டுதல் மணிவாணிகத்தில் பெருவழக்கு. வெந்நீரும் மிகுந்த நுரையும் அவ்வெண்ணெயை அகற்றி, வெடிப்புகளை வெளிக்காட்டும்.

இவற்றிலிருந்து இல்லத்தில் கைக்கொள்ளத்தக்க முறை பெறப்படுகின்றது. முதற்கண் நகையைத் திருப்பி அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். அடி திறந்து, கவ்வுகள் உறுதியாய் இருக்கும் வயிரம், மாணிக்கம், நீலம் ஆகியவற்றை, கொட்டை நீக்கிய பூவந்தித் தோல் ஊறிய வெதுவெதுப்பான நீரில் சிறிதுபோது இட்டு, மெல்லிய தூரிகையால் பின்புறம் தடவி, தூநீரில் அலசி, மென்துணியில் உலர்த்தலாம். அலசுவதற்குக் கிண்ணமே ஏற்றது. ஓடுநீரில் கழன்ற கல் மீளாது. அடி மூடியதாயின் நீரில் இடாது, சற்றே ஈரமான துணியால் மேற்புறத்தை மட்டும் துடைத்தல் அமையும். மரகதத்துக்குத் தண்ணீரும் ஈரத்துணியுமே போதும். முத்து மாலையை அணிந்து கழற்றியவுடன் மென்துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. நூல் நனைந்தால் நைந்து அறும். வெளுப்புப் பொடி கலந்த நீர் பொன்னோடு கலந்த பிற உலோகங்களைத் தாக்கும். அது எவ்வகை நகைக்கும் ஆகாது. வயிரம் பிற மணிகளைக் கீறுமாதலின் ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியில் பொதிந்து வைத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். மணியை மண்ணுதல் என்பது கல்லைத் தேய்த்து ஒளியூட்டுதலன்று, மாசினைக் கழுவுதலே என்பது புறநானூற்று உவமையால் தெளிவாகின்றது. பிறவிக் குற்றம் வேறு, வந்த மாசு வேறு என்பது மணிநூல் மரபினை ஆராய்வார்க்குப் புலனாகின்றது. பதிப்பின் உள்ளமைப்பை அறிந்தே தூய்மை செய்யவேண்டும் என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டின் அரக்குக் குறிப்பு வரலாற்றுச் சான்றாக அமைகின்றது.

பழைய நகையொன்றின் அரக்கும் அடித்தகடும் சிதையும்போது, ஒரு குடும்பத்தின் செல்வம் மட்டும் குறைவதில்லை. அதனைச் செய்த கைவினைஞனின் முறையை அறிவதற்குரிய சான்றும் உடன் அழிகின்றது. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரை வெள்ளிக்காசுகள் போன்றவற்றைத் தேய்த்து வெளுக்கலாகாது என்பதை நாணயவியலார் நன்கறிவர். அதே கருத்து இல்லங்களிலுள்ள பழைய அணிகலன்கள்பாலும் செலுத்தப்பட வேண்டும். பட்ட மேற்படிப்பு மாணவர் ஊர்தோறும் சென்று நாட்டுப்பாடல்களைத் தொகுப்பது போலவே, பொற்கொல்லரிடமும் முதுபெண்டிரிடமும் வழங்கும் அணிகலப் பெயர்களையும் தூய்மை முறைகளையும் தொகுத்தல் வேண்டும். பேகன் மனைவியின் கூந்தலுக்கு உவமை தேடிய புலவர், அத்தகைய ஒரு கைவேலையைக் கண்டன்றோ பாடினார்!