தோல் மருத்துவர் உருவாகும் விதமும் தீவகத்தின் தேவையும்

புளியங்கூடலிலோ சரவணையிலோ வாழும் ஒருவர் தமது முதுகில் தோன்றிய வெளிறிய தேமலொன்றைத் தோல் நோய் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டுமாயின், வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்தாக வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கோ இதற்கு முன்னதாகக் குறிகட்டுவான் வரையிலான கடற்பயணமும் உண்டு. வலியோ அரிப்போ இல்லாத ஒரு தேமலுக்காக ஒரு நாட்கூலியை இழந்து யார்தான் புறப்படுவர்? தொழுநோய் பெரும்பாலும் இவ்வாறான தேமலுடன்தான் தொடங்குகிறது என்பதே இங்குள்ள சிக்கலாகும்.

எனவே, தோல் நோய் மருத்துவர் ஒருவர் எவ்வாறு உருவாக்கப்படுகிறார் என்பது மருத்துவ உலகினர் மாத்திரம் பேசிக்கொள்ள வேண்டிய விடயமல்ல என நாம் கருதுகிறோம்.

இலங்கையில் நிபுணத்துவப் பயிற்சி, கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 1980 முதல் இயங்கிவரும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பொறுப்பில் உள்ளது. மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டு, உள்ளகப் பயிற்சியில் ஓராண்டு, அதன் பின்னர் அரச சேவை, தெரிவுப் பரீட்சை, பயிற்சி வைத்தியசாலைகளில் பதிவாளராகப் பல ஆண்டுகள், எம்.டி. பரீட்சை, மீண்டும் சிரேஷ்ட பதிவாளராகப் பயிற்சி, வெளிநாட்டு வைத்தியசாலை அனுபவம் என நீளும் இப்பாதையைக் கடந்து வருபவர் முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டிவிடுகிறார். இத்தனை ஆண்டுகள் தோலைப் படிப்பதற்கா என்று கேட்போரும் உளர். தோல் நோயால் எவரும் இறப்பதில்லை, எவரும் முற்றாகக் குணமாவதுமில்லை என்று மருத்துவ மாணவரிடையே ஒரு பழைய பரிகாசமும் உண்டு. அதன் இரு பாதிகளுமே பொய்யானவை. மருந்து ஒவ்வாமையால் உடல் முழுவதும் தோல் உரிந்து உயிரிழப்போர் உளர். உரிய காலத்தில் கண்டறியப்படும் தொழுநோய் முற்றாகக் குணமாகிறது.

பயிற்சியின் உயிர்நிலை வெளிநோயாளர் கிளினிக்கிலேயே உள்ளது. ஏனைய துறைகளில் இரத்தப் பரிசோதனையும் கதிர்ப்படமும் கூறுவதை இத்துறையில் முதலில் கண்ணும் விரல் நுனியும் கூறியாக வேண்டும். தடிப்பு தட்டையானதா, மேடானதா, அதன் ஓரம் தெளிவானதா, செதில் உதிர்கிறதா, உடலின் இரு பக்கமும் சமமாக உள்ளதா என்றெல்லாம் கண்டதைச் சொற்களில் வர்ணிக்கும் பழக்கமே பயிலுநருக்கு முதற் பாடம். நோயின் பெயரைக் கூறுவதற்கு முன்னர் கண்டதைக் கூறு என்பதே அங்குள்ள ஒழுங்கு. பின்னர் படர்தாமரையின் செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பங்கசு இழைகளைத் தேடுவது, சிறு வட்டக் கத்தியால் தோற்துணுக்கை எடுத்து இழையவியல் நிபுணருடன் அமர்ந்து பார்ப்பது, ஒவ்வாமைப் பொருளை முதுகில் ஒட்டிப் பரிசோதிப்பது என்பன தொடரும்.

தொழுநோய்க்கு இப்பயிற்சியில் தனியிடம் உண்டு. பஞ்சு நுனியால் தேமலைத் தொட்டு உணர்ச்சி உண்டா எனப் பார்க்க வேண்டும். முழங்கையின் பின்புறத்தே ஓடும் நரம்பு தடித்துள்ளதா என விரலால் தடவி அறிய வேண்டும். காதுச் சோணையில் சிறு கீறலிட்டு எடுத்த திரவத்தில் கிருமியைத் தேட வேண்டும். இவற்றுள் முதலிரண்டிற்கும் எவ்வித இயந்திரமும் தேவையில்லை. ஊர்காவற்றுறை வைத்தியசாலையிலும் செய்யலாம், நெடுந்தீவிலும் செய்யலாம். செய்யக் கற்றுக்கொண்ட ஒருவர் அங்கிருக்க வேண்டும், அவ்வளவே.

இத்துறையின் வரலாறும் இவ்வாறு உற்றுப் பார்த்ததன் வரலாறே. பாரிஸின் செயின் லூயி வைத்தியசாலை 1801 இல் தோல் நோய்களுக்கென ஒதுக்கப்பட்டது. மாணவர் பார்த்துப் பழகுவதற்காக அங்கு வார்க்கப்பட்ட மெழுகு உருவங்கள் இன்றும் பேணப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் ஹெப்ரா, சிரங்கிற்குக் காரணம் கெட்ட இரத்தமல்ல, தோலைத் துளைத்து வாழும் சிற்றுயிரே என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். ஆயின் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவர் இப்னு சுஹ்ர், சொறியுடையோர் தோலிலிருந்து வெளிப்படும் கண்ணுக்கு அரிதாகவே தென்படும் சிற்றுயிரைப் பற்றி எழுதியிருந்தார். நமது சித்த மருத்துவ மரபும் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தது.

மருத்துவக் கல்விக்கும் யாழ்ப்பாணம் புதிதன்று. அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் மானிப்பாயில் மாணவருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கலானார். உடற்கூறு, சத்திர சிகிச்சை, பிரசவ வைத்தியம் பற்றிய நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். இன்று பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. அதில் குறைகாண நாம் முற்படவில்லை. எனினும் சொறி, சிரங்கு, கரப்பான், படை, தேமல், வெண்குட்டம் என மக்கள் வழங்கும் சொற்களுள் எதை எந்நோய்க்குச் சொல்கிறார்கள் என்று அறியாத மருத்துவர், நோயாளி கூறுவதில் பாதியை இழந்துவிடுகிறார். "குட்டம்" என்ற ஓசை காதில் விழுந்ததும், வெண்குட்டம் தொற்றாத நோய் என்பதை அறியாது பெண்ணின் திருமணத்தை நிறுத்திய குடும்பங்கள் நமது சமூகத்தில் உண்டு. ஆகவே இரண்டும் வேறு என விளக்குவதும் மருத்துவரின் வேலையே.

தொழுநோயைப் பொறுத்தவரை இலங்கையின் அனுபவம் கவனத்துக்குரியது. ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலையை நிறுவினர். கிழக்கில் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் பிற்காலத்தில் நோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். தீவென்றால் ஒதுக்கிவைக்கும் இடம் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு எக்காலத்தும் இருந்திருக்கிறது. 1980களில் பன்மருந்துச் சிகிச்சை வந்ததும் நிலைமை மாறியது. 1995 இல், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற இலக்கை நாடு எட்டியது. 2001 அளவில் தொழுநோய்ச் சேவை பொதுச் சுகாதார சேவையுடன் இணைக்கப்பட்டு, நோயைக் கண்டறியும் பொறுப்பு பெரிதும் தோல் நோய்க் கிளினிக்குகளைச் சார்ந்தது. ஆனால் அதன் பின்னரும், 2010களில் ஆண்டுதோறும் 1500 க்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். சிறுவரிடம் நோய் காணப்படுவது, அச்சூழலில் கண்டறியப்படாத நோயாளி ஒருவர் இருக்கிறார் என்பதன் அறிகுறியாகும். இலக்கை எட்டியதும் அக்கறை தளர்ந்துவிடுவது இலங்கைக்கு மாத்திரம் உரிய குறைபாடல்ல; இந்தியாவும் 2005 இல் இலக்கை எட்டியதாக அறிவித்த பின் இதே அனுபவத்தைப் பெற்றது.

பயிற்சியில் கவனிக்க வேண்டிய மற்றொரு குறை நிறம் பற்றியது. மேலைத்தேயப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெண்தோலில் எடுக்கப்பட்டவை. அங்கு சிவப்பாகத் தெரியும் அழற்சி, நமது தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றும். இலண்டன் மருத்துவ மாணவரான மலோன் முக்வெண்டே 2020 இல் கருந்தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கைநூலொன்றைத் தம் ஆசிரியர்களுடன் இணைந்து வெளியிட்டபோது அது பரவலாக வரவேற்கப்பட்டது. நமது கிளினிக்குகளிலோ இத்தகைய நோயாளரே நாள்தோறும் வருகின்றனர். அவர்களின் சம்மதத்துடன் எடுக்கப்படும் படங்களை முறையாகத் தொகுத்தாலே, பிற நாடுகள் கேட்டுப் பெறக்கூடிய பாடநூல் ஒன்று நம் கையில் இருக்கும்.

மருந்துக்கடைகளில் தாமாக வாங்கிப் பூசும் களிம்புகள் இன்னொரு தலைவலி. ஸ்ரீரொயிட் கலந்த களிம்பு படர்தாமரையின் அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும். பங்கசுவோ உள்ளே பரவி, தன் வட்ட வடிவத்தையும் இழந்து, மருத்துவரே அடையாளங்காண இயலாதவாறு உருமாறிவிடும். வழமையான மருந்துக்குக் கட்டுப்படாத பங்கசு இனமொன்று தென்னாசியாவிலிருந்து பரவி வருவதும், அதற்கு 2020 இல் இந்தியாவைக் குறிக்கும் பெயர் சூட்டப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? தீவுக்கொரு நிபுணர் என்று கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்கள் பெருந்தொகையில் நாட்டை விட்டு வெளியேறிய நிலையில் அது கனவே. தன்சானியா வேறு வழியொன்றைக் கண்டது. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில் 1992 இல் தொடங்கப்பட்ட பிராந்திய தோல் நோய்ப் பயிற்சி நிலையம், மருத்துவப் பட்டம் இல்லாத சிகிச்சை அலுவலர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சியளித்துப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு அனுப்பி வருகிறது. அங்கு பயின்றோர் ஆபிரிக்காவின் பல நாடுகளில் பணியாற்றுகின்றனர்.

நம்மிடம் அதற்கும் மேலான வசதி உண்டு. 1978 முதல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இயங்குகிறது. தீவக வைத்தியசாலைகளில் பட்டம் பெற்ற வைத்திய அதிகாரிகள் உள்ளனர். அவர்கள் மாணவப் பருவத்தில் தோல் நோய்ப் பிரிவில் கழித்தது சில வாரங்களே. போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் மூன்று மாதம் அவர்களை இருத்திப் பயிற்றுவிப்பதும், நிபுணத்துவப் பயிற்சி பெறும் பதிவாளர்கள் மாதத்தில் குறித்த நாளில் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் சென்று நோயாளரைப் பார்ப்பதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்குவதும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பி ஆலோசனை பெறுவதும் உதவும். ஆனால் படத்தில் உணர்ச்சியின்மை தெரியாது, தடித்த நரம்பும் தெரியாது.

இப்பயணக் கிளினிக்குகளில் பெண் மருத்துவர் ஒருவரும் இருத்தல் அவசியம். முதுகையும் தொடையையும் ஆண் ஒருவரிடம் காட்டத் தயங்கி நோயை மறைக்கும் தமிழ், முஸ்லிம் பெண்கள் ஏராளம். தனியறையோ மறைப்புத் திரையோ, உடனிருக்கத் தாதியொருவரோ இல்லாத இடத்தில் அத்தயக்கத்தைக் குற்றமாகக் கூற இயலாது. கிளினிக் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதும், அது குறிகட்டுவான் படகு நேரத்துக்கு இசைவாக அமைவதும் வேண்டும். மாலைப் படகைத் தவறவிட்ட மருத்துவர் இரவு தங்குவதற்கு நெடுந்தீவில் ஓர் அறையையும் சுகாதாரத் திணைக்களம் இப்போதே ஒழுங்குசெய்து வைக்கலாம்.