வெயில் செய்த புண்ணும் ஒளி செய்த மருந்தும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூருக்கு அருகே இருக்கிறது கட்டைபறிச்சான். என் அம்மாவின் ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒரு தோழன் இருந்தான். உடலில் நிறமே இல்லாமற் பிறந்தவன். வெண்மயிர், வெண்தோல், வெயிலில் திறக்க முடியாத கண்கள். ஊரார் அவனை 'வெள்ளைக்காரன்' என்றே அழைத்தனர். நானும் அப்படித்தான் அழைத்தேன்.

வளர்ந்ததும் அவன் வீச்சுவலையோடு களப்பில் இறங்கினான். நெற்றியிலும் காதுமடலிலும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான செதில்கள் படர்ந்தன. "வெயிற்கொப்புளம்" என்றார்கள். பின்னர் காதில் ஆறாத புண் வந்தது. நாற்பதைத் தாண்டாமலே போய்விட்டான். பத்திரிகையாளனாக அந்தப் பக்கம் பலமுறை போனவன் நான். போரையும் இடப்பெயர்வையும் எழுதினேனே தவிர, அந்தச் செதில்களைப் பற்றி ஒருவரிடமும் விசாரித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தொரன்ரோவில் உறவினர் ஒருவருக்குத் துணையாகத் தோல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருந்த வெள்ளைக்கார முதியவரின் நெற்றியில் அதே செதில்கள். களிம்பு பூசி, பிறகு நீல ஒளியின் கீழ் அமர்த்துவார்கள் என்றார் அவர். அன்று தொடங்கியதே இந்தத் தேடல்.

மருந்தையும் ஒளியையும் இணைப்பது நமக்குப் புதிதன்று. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் நிறுத்துவது பழைய இந்திய மருத்துவம். அந்த விதையிலிருந்து சோராலென் என்னும் பொருளை 1933 இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். அது நிறத்தை வரவழைக்கும் வழி. கெட்ட கலத்தைக் கொல்லும் வழி வேறிடத்தில் பிறந்தது.

தோற் காசநோயை ஒளியால் ஆற்றிய டென்மார்க் மருத்துவர் பின்சன் 1903 இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன்பே, 1900 இல், மியூனிக்கில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரிலுள்ள நுண்ணுயிர்கள் ஒளி பட்டால் மாத்திரமே விரைந்து சாவதைக் கண்டறிந்தார். அவருடைய ஆசிரியர் தப்பைனர் 1903 இல், இயேசியோனெக் என்ற மருத்துவருடன் சேர்ந்து, தோற் புற்றில் இயோசின் சாயத்தைப் பூசி ஒளியைப் பாய்ச்சினார். 1912 இல் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் பொர்பிரின் வகை மருந்தொன்றைத் தம் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கிற்று. மாதக்கணக்கில் அவர் வெயிலை அஞ்சி வாழ நேர்ந்தது.

அந்த இடரைக் கடக்க வழி கண்டவர்களுள் கனடாவின் கிங்ஸ்ரன் நகரத்து கென்னடியும் பொட்டியரும் முக்கியமானவர்கள். தொரன்ரோவிலிருந்து மொன்றியல் போகும் நம்மவர் கடந்து செல்லும் ஊர்தான் அது. மருந்தை உடலில் ஏற்றாமல், பழுதான தோலின் மேல் மாத்திரம் பூசும் முறையை அவர்கள் 1990 இல் வெளியிட்டனர். பூசிய அமிலத்தைக் கெட்ட கலங்களே பொர்பிரினாக மாற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. ஒளி பட்டதும் அங்குள்ள ஒட்சிசன் நஞ்சாகி அக்கலங்களைக் கொல்கிறது. எரிச்சல் கடுமையாக இருக்கும். பின்னர் தோலுரிந்து புதுத்தோல் வரும். புற்றுக்கு முந்திய இச்செதில்களுக்கு இம்முறையை அமெரிக்கா 1999 டிசம்பரில் அங்கீகரித்தது. மேலோட்டமான பழுதுக்கே இது உதவும். ஆழமாக இறங்கிய புற்றுக்குக் கத்திதான்.

நம்முடைய கருந்தோல் இந்நோயிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. அதனாலேயே இதை வெள்ளையரின் நோய் என்று எண்ணி, நம்மிடையே நிறமின்றிப் பிறந்தவர்களைக் காணத் தவறுகிறோம். செதில்களுள் பெரும்பாலானவை புற்றாவதில்லை. ஆனால் நிறமற்ற தோலுக்கு ஆபத்து மிக அதிகம்.

உங்கள் ஊரிலும் ஒரு 'வெள்ளைக்காரன்' இருக்கலாம். அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலில் ஒரு தொழிலும் அவனுக்கு எந்த ஒளிக்கருவியையும் விட முந்திய மருந்து. காதுமடலில் ஒரு சொரசொரப்புத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதலில், அவனை அவனுடைய பெயரைச் சொல்லி அழையுங்கள். நான் அதைச் செய்யவில்லை.